மற்ற பிள்ளைகளுக்கான பாடம்

பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் குரல் உடைவதும் மீசை அரும்புவதும் மாதவிடாய் தொடங்குவதுமாக உடல் மாறிவரும் பருவத்தில், மாணவர்கள் தம் உடலைக் கவனிக்கும் அதே கூர்மையோடு அடுத்தவர் உடலையும் கவனிக்கத் தொடங்குகின்றனர். எவன் குரல் இன்னும் மெல்லியதாக இருக்கிறது, எவன் நடை நளினமாக இருக்கிறது, எந்தப் பெண் முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்டு பையன்களோடு கபடி ஆடுகிறாள் என்பவை வகுப்பறையின் அன்றாடப் பேச்சாகின்றன. இந்தப் பேச்சுக்குப் பாடநூலோ தேர்வோ கிடையாது. ஆனாலும் தமிழ்நாட்டின் பெரும்பாலான பள்ளிகளில் அது தவறாமல் கற்பிக்கப்பட்டு வருகிறது. வருகைப் பதிவேட்டில் ஒன்பதாம் எண்ணுக்கு உரியவரை மற்றவர்கள் பார்த்துச் சிரிப்பதும், அந்த எண்ணையே வசைச்சொல்லாக எறிவதும், அதற்கும் மேலே ‘பொட்டை’ என்றும் ‘அலி’ என்றும் கூப்பிடுவதும் ஆறாம் வகுப்பு முடிவதற்குள் பிள்ளைகளுக்குப் பழகிவிடுகின்றன. ஆகவே, பாலின வேறுபாடுகளைப் பற்றிப் பள்ளியில் பேசலாமா கூடாதா என்று பெரியவர்கள் விவாதிக்கும் நேரத்தில், அந்தப் பேச்சு ஏற்கெனவே பள்ளியில் நடந்துகொண்டிருக்கிறது என்பதையும், அது ஆசிரியரின் கையில் இல்லாமல் கேலி செய்பவரின் கையில் இருக்கிறது என்பதையும் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்த விவாதத்தில் சொற்கள் அடிக்கடி ஒன்றோடொன்று குழம்புவதால், அவற்றைத் தனித்தனியே விளக்குவது அவசியமாகிறது. ஒருவர் பிறக்கும்போது உடலுறுப்பைப் பார்த்து ஆண் என்றோ பெண் என்றோ மருத்துவமனையில் எழுதப்படுவது பிறப்புப் பால். வளர்ந்து வரும்போது அவர் தம்மை உள்ளூர எவராக உணர்கிறாரோ அது பாலின அடையாளம். இவ்விரண்டும் ஒத்துப்போகாதவர்களைத் திருநர் என்ற பொதுச்சொல் குறிக்கிறது. ஆண் என்று எழுதப்பட்டுப் பெண்ணாக உணர்பவர் திருநங்கை, பெண் என்று எழுதப்பட்டு ஆணாக உணர்பவர் திருநம்பி. பிறப்பிலேயே உடற்கூறோ குரோமோசோமோ ஆண், பெண் என்ற வழக்கமான இரு வகைக்குள் அடங்காமல் அமைந்தவர்கள் ஊடுபால் உடையவர்கள். ஒருவருடைய காதலும் விருப்பமும் யாரை நோக்கிச் செல்கின்றன என்பது பாலீர்ப்பு எனப்படும் வேறொரு செய்தி. அது தம் பாலைச் சேர்ந்தவரையே நோக்கிச் செல்வது தன்பாலீர்ப்பு. ஒரு திருநங்கை தன்பாலீர்ப்பு உடையவராக இருக்க வேண்டியதில்லை; தன்பாலீர்ப்பு உடைய ஆண் பெண்ணாக மாற விரும்புபவரும் அல்லர். ஊடுபால் என்பது உடலமைப்பைப் பற்றியது, விருப்பத்தைப் பற்றியது அன்று. இவர்கள் அனைவரையும் பொதுவாகச் சுட்டும் பால் புதுமையர் என்ற சொல்லும் சேர்ந்த, மதிப்புக் குறையாத சொற்களின் தொகுப்பொன்றைத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியிட்டது. செய்தியாளர்களை மனத்தில் வைத்து வெளியிடப்பட்ட அந்தப் பட்டியல், ஒவ்வொரு பள்ளியின் ஆசிரியர் அறையிலும் ஒட்டப்பட வேண்டிய ஒன்றாகும்.

பாலீர்ப்பிலும் பாலின அடையாளத்திலும் காணும் இவ்வேறுபாடுகள் மனநோய்கள் அல்ல என்பதே இன்று மருத்துவ உலகின் பொதுக் கருத்து. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1973இல் தன்பாலீர்ப்பை மனநோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. உலக சுகாதார நிறுவனம் 1990இல் அவ்வாறே செய்தது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அதன் 11ஆம் நோய்ப் பட்டியலில், பிறப்புப் பாலுக்கும் உணரும் பாலினத்துக்கும் இடையிலான பொருந்தாமை மனநோய்ப் பிரிவிலிருந்து வெளியே எடுக்கப்பட்டது. இந்திய உளமருத்துவச் சங்கமும் 2018இல் இதே நிலைப்பாட்டை அறிவித்தது. தமிழகத்தின் மேல்நிலை விலங்கியல் மாணவர்கள் குரோமோசோம் எண்ணிக்கை வேறுபடும் கிளைன்ஃபெல்டர், டர்னர் நிலைகளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். அந்தக் குரோமோசோம்களோடு பிறந்த ஒருவர் தம் வகுப்பிலோ தெருவிலோ வாழ்ந்துகொண்டிருக்கக்கூடும் என்ற எண்ணத்தை அந்தப் பாடம் அவர்களிடம் எழுப்புவதில்லை. ‘குறைபாடு’ என்ற தலைப்பின் கீழ் அது தொடங்கி முடிந்துவிடுகிறது.

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இந்தச் செய்தி வெளியூர்ச் செய்தி அன்று. விராலிமலைப் பக்கத்தில் உள்ள ஆவூரிலிருந்து கிழக்கே ஆலங்குடிப் பக்கம் வரை, இம்மாவட்டத்தின் எந்தப் பள்ளி விளையாட்டுத் திடலிலும் தெரிந்திருக்க வேண்டிய பெயர் ஒன்று உண்டு. கத்தக்குறிச்சி என்ற சிற்றூரில், செங்கல் சூளையில் கூலி வேலை செய்த பட்டியல் சமூகப் பெற்றோருக்கு 1981இல் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், வயிறார உணவு கிடைக்காத வீட்டிலிருந்து எழுந்து ஓடி, 2006 டிசம்பரில் தோகாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியின் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். சில நாட்களுக்குள், பெண் எனத் தகுதி பெறுவதற்கான பாலினச் சோதனையில் அவர் தேறவில்லை என்று அறிவிக்கப்பட்டுப் பதக்கம் பறிக்கப்பட்டது. பெண்ணாகப் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பெண்ணாகவே ஓடிய ஒருவருடைய உடலைப் பற்றி நாடு முழுவதும் தொலைக்காட்சியில் பேசியது. அவர் என்ன உணர்ந்தார் என்று கேட்டவர்கள் மிகச் சிலர். அவர் உடலின் மருத்துவ விவரங்களை இக்கட்டுரை மீண்டும் எடுத்துரைக்காது. அவை பொதுப்பேச்சாக்கப்பட்டதே அவருக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளில் பெரியது.

அதற்குப் பின் நடந்தவை மாணவர்களோடு பேசத் தக்கவை. அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி, பதக்கம் பறிக்கப்பட்டிருந்த நிலையிலும் அறிவித்திருந்த 15 லட்சம் ரூபாய்ப் பரிசை அவருக்கு வழங்கினார். அந்தப் பணத்தின் ஒரு பகுதியைக் கொண்டு சாந்தி புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி அளித்தார். எனினும் ஊர்ப்பேச்சும் புறக்கணிப்பும் தொடர்ந்ததில் அவர் மனம் உடைந்த காலமும் உண்டு. நிலையான வேலை இல்லாமல் 2012 வாக்கில் அவரும் செங்கல் சூளைக் கூலிக்குத் திரும்ப வேண்டியிருந்தது. பல ஆண்டு முறையீடுகளுக்குப் பிறகுதான் தடகளப் பயிற்றுநர் பணி அவருக்குக் கிடைத்தது. இந்த வரலாற்றை ஒன்பதாம் வகுப்பு மாணவரிடம் சொல்லி, ‘இவரிடம் தவறு எது?’ என்று கேட்டால், பதில் சொல்ல அவருக்கு மருத்துவ அறிவு எதுவும் தேவைப்படாது. விதியை எழுதியவர்கள் ஒரு பக்கமும், அவ்விதிக்குள் அடங்காத உடலோடு பிறந்தவர் மறு பக்கமும் நிற்கும் காட்சி அவருக்கே புலப்படும். சாதி, வறுமை, பாலினம் ஆகிய மூன்றும் ஒரே மனிதரின் மேல் எப்படி ஒன்றாக வந்து விழுகின்றன என்பதைக் கற்பிக்கவும் இதைவிட நெருக்கமான வரலாறு இம்மாவட்ட ஆசிரியருக்குக் கிடைப்பது அரிது.

பள்ளிக்குள் நடப்பது என்ன என்பதை அளந்து காட்டிய ஆய்வு ஒன்றும் தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. யுனெஸ்கோவின் புதுதில்லி அலுவலகமும் சென்னையின் சகோதரன் அமைப்பும் இணைந்து, பாலின, பாலீர்ப்புச் சிறுபான்மையினரான ஏறத்தாழ 400 இளைஞர்களிடம் அவர்களுடைய பள்ளி நாட்களைப் பற்றிக் கேட்டறிந்தன. நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் படித்தபோது உடல்ரீதியாகத் தாக்கப்பட்டதாகச் சொன்னவர்கள் 60 சதவீதம். தொடக்கப் பள்ளியிலேயே பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 43 சதவீதம். இந்தத் துன்புறுத்தலும் ஒரு காரணமாகப் படிப்பை நிறுத்தியவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர். நடந்ததைப் பள்ளி நிர்வாகத்திடம் முறையிட்டவர்களோ 18 சதவீதம் மட்டுமே.

இந்தக் கடைசி எண் தனியே நின்று சிந்திக்கத் தக்கது. முறையிடாத பெரும்பான்மையினர் ஏன் முறையிடவில்லை என்பதற்கு, முறையிட்டவர்களில் சிலருக்குக் கிடைத்த பதிலே விளக்கமாகிறது: ‘நீ நடக்கிற விதத்தை மாற்றிக்கொள்’ என்ற வகையில் அவர்களுக்கு அறிவுரை வழங்கப்பட்டது. அடித்தவனை விட்டுவிட்டு அடிபட்டவனின் நடையைத் திருத்தும் இந்த வழக்கம் கொடிய உள்ளம் உடையவர்களிடம் மட்டும் காணப்படுவதன்று. பிள்ளையின் மேல் உண்மையான அக்கறை கொண்ட ஆசிரியர்களே பலமுறை அப்படிச் சொல்கிறார்கள். ‘கொஞ்சம் ஆம்பளையா இருடா, அவங்க விட்டுருவாங்க’ என்பது அவர்கள் பார்வையில் பாதுகாப்புக்கான வழி. அந்தப் பையனின் காதில் அது, தன் மேல் விழுந்த அடிக்குத் தானே பொறுப்பு என்ற தீர்ப்பாக விழுகிறது. மரியாதைக் கல்வி என்ற பெயரில் பள்ளிகள் செய்ய வேண்டியதன் மையம் இங்கேதான் இருக்கிறது. வேறுபட்டு வளரும் பிள்ளை தன்னைப் பற்றி ஏற்கெனவே நிறைய அறிந்திருக்கிறது. பாடம் தேவைப்படுவது அதைச் சுற்றி அமர்ந்திருக்கும் மற்ற முப்பத்தொன்பது பேருக்கும், அவர்கள் முன் நிற்கும் ஆசிரியருக்கும்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, ஆண், பெண் அல்லாத ‘பிற’ என்ற பிரிவில் இந்தியாவில் ஏறத்தாழ 4.88 லட்சம் பேரைப் பதிவு செய்தது. அவர்களில் 22,364 பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். தயக்கத்தாலும் அச்சத்தாலும் விடுபட்டவர்கள் எத்தனையோ பேர் இருக்க, இந்த எண்ணிக்கையை முழுமையானதாகக் கருத இயலாது. ஆனால், அதே கணக்கில் ஆறு வயதுக்கு உட்பட்டவர்கள் மட்டும் 54,854 பேர் இருந்தனர் என்பது கவனத்துக்கு உரியது. அன்று கைக்குழந்தைகளாகவும் பாலர் வகுப்புப் பிள்ளைகளாகவும் இருந்த அவர்கள் அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் பள்ளி வகுப்பறைகளைக் கடந்து சென்றவர்கள், அல்லது கடக்க முடியாமல் பாதியில் நின்றவர்கள்.

சட்டத்தின் பக்கத்தில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலம் அன்று. பாலின அடையாளத்தைக் காரணம் காட்டிப் பள்ளி, கல்லூரிகளில் சேர்க்கை மறுக்கக் கூடாது என்று 2006 டிசம்பரிலேயே அரசாணை வெளியிடப்பட்டது. 2008இல் திருநங்கையருக்கான நலவாரியம் இந்தியாவிலேயே முதன்முறையாக இங்குத் தொடங்கப்பட்டது. தம் பாலின அடையாளத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று அளித்த தீர்ப்பும், வயது வந்தோர் மனமொப்பிக் கொள்ளும் தன்பால் உறவு குற்றம் ஆகாது என்று 2018 செப்டம்பர் 6 அன்று அளித்த தீர்ப்பும் நாடு முழுமைக்கும் பொருந்துவன. 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, அரசு நிதியுதவியோ அங்கீகாரமோ பெற்ற ஒவ்வொரு கல்வி நிறுவனமும் பாகுபாடின்றிக் கல்வியும் விளையாட்டு வாய்ப்பும் வழங்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, ஊடுபால் குழந்தைகளை அறுவை சிகிச்சையால் ஆணாகவோ பெண்ணாகவோ ‘திருத்துவதை’, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர, தமிழ்நாடு தடை செய்தது. ஆணைகளுக்குப் பஞ்சம் இல்லை. ஆணை வகுப்பறையின் கடைசி பெஞ்சு வரை சென்று சேரவில்லை.

பள்ளிகளை நேரடியாகத் தொட்ட தீர்ப்பு, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று வழங்கியதாகும். ஒருவரையொருவர் விரும்பிய இரு இளம்பெண்கள், பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து காவல்துறைத் தொல்லையிலிருந்து பாதுகாப்புக் கோரிய வழக்கு அது. இந்தப் பொருளைப் பற்றித் தமக்குத் தெளிவு போதாது என்றும், சமூகத்தின் பொதுவான முன்முடிவுகள் தம்மிடமும் இருக்கின்றன என்றும் வெளிப்படையாக ஒப்புக்கொண்ட நீதிபதி, தீர்ப்பு எழுதுவதற்கு முன் உளவியல் ஆலோசகர் ஒருவரிடம் அமர்ந்து பாடம் கேட்டார். பால் புதுமையரான சிலரையும் அவர்களுடைய குடும்பத்தாரையும் சந்தித்து உரையாடினார். தம் அறியாமையைப் பாகுபாட்டுக்குச் சாக்காக ஆக்கிக்கொள்ள ஒருவருக்கும் உரிமை இல்லை என்ற கருத்து அத்தீர்ப்பின் உயிர்நாடி. வயதாலும் பதவியாலும் உயர்ந்த ஒருவர், ‘எனக்குத் தெரியாது, கற்றுக்கொண்டு வருகிறேன்’ என்று எழுத்தில் பதிவு செய்த இந்நிகழ்வு, எந்தப் பயிற்சிக் கையேட்டையும்விட ஆசிரியர்களுக்குப் பயன்படக்கூடியது, ஏனெனில் அவர்களில் பெரும்பாலோர் நிற்கும் இடமும் அதுவே.

அத்தீர்ப்பு, ஒருவருடைய பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ சிகிச்சையால் மாற்றிக்காட்டுவதாகச் சொல்லும் ‘மாற்றுச் சிகிச்சை’யைத் தடை செய்ததோடு, கல்வி நிறுவனங்களுக்கும் குறிப்பான வழிகாட்டுதல்களைத் தந்தது: பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் வழியாகப் பெற்றோருக்குப் புரிதல் ஏற்படுத்துதல், பாலின வேறுபாடு பாராத கழிப்பறை, சான்றிதழ்களில் பெயரும் பாலினமும் மாற்றிக்கொள்ளும் வசதி, விண்ணப்பங்களில் மூன்றாவது கட்டம், இப்பிள்ளைகளைப் புரிந்துகொண்ட ஆலோசகர்களின் நியமனம், பாடத்திட்டத்தில் திருத்தம் ஆகியன அவற்றில் சில. காவல்துறை இதில் ஓரளவு விரைந்தது. பால் புதுமையரையும் அவர்களுக்காகப் பணியாற்றுவோரையும் துன்புறுத்தக் கூடாது என்ற விதி 2022 பிப்ரவரியில் காவலர் நடத்தை விதிகளில் சேர்க்கப்பட்டது. பள்ளிகளில் மாற்றம் அவ்வளவு விரைவாக வரவில்லை.

அதற்குரிய காரணங்களில் ஒன்று தில்லியில் நடந்தது. தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமம் 2021 இறுதியில், திருநர் குழந்தைகளைப் பள்ளியில் அரவணைப்பது பற்றி ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றை வெளியிட்டது. பிள்ளைகளை எதற்கெடுத்தாலும் ஆண் வரிசை, பெண் வரிசை என்று பிரிப்பதைக் குறைப்பது, பொதுவான சீருடை, பொதுக் கழிப்பறை, திருநர் ஆளுமைகளைப் பள்ளிக்கு அழைத்துப் பேசவைப்பது போன்றவை அதில் பரிந்துரைக்கப்பட்டிருந்தன. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், இவை பிள்ளைகளுக்குத் தேவையற்ற மன அதிர்ச்சி தரும் என்று எதிர்ப்புத் தெரிவித்த சில நாட்களிலேயே கையேடு இணையத்திலிருந்து நீக்கப்பட்டது. துறை அறிஞர்கள் உழைத்து எழுதிய ஒரு நூலை விவாதத்துக்குக்கூட இடம் கொடாமல் எடுத்துவிட்ட செயலைச் சென்னை உயர் நீதிமன்றமே கவலையோடு குறிப்பிட்டது. ஒரு பிள்ளையை ஒன்பது என்று கூப்பிடுவதால் வரும் அதிர்ச்சியைப் பற்றி எந்த ஆணையமும் அவ்வளவு விரைந்து கடிதம் எழுதியதில்லை. இதற்கு முன்னும் இப்படி நடந்ததுண்டு: 2005இல் ஒன்றிய அரசு தொடங்கிய வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை, பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்று கூறி 2007இல் பல மாநிலங்கள் நிறுத்திவைத்தன. திருநர் பற்றிய செய்திகளையும் உள்ளடக்கிய பாலியல் கல்வி பாடநூல்களில் இடம்பெற வேண்டும் என்று 2025இல் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவரே உச்ச நீதிமன்றம் சென்றார். அவ்வழக்கில் ஒன்றிய அரசுக்கும் சில மாநிலங்களுக்கும் அறிவிக்கை அனுப்பப்பட்டது. பெரியவர்கள் தயங்கிய இடத்தில் மாணவர் ஒருவர் முன்வந்து கேட்டது நம்பிக்கை தரும் செய்தியாகும்.

எதிர்ப்பாளர்கள் பண்பாட்டின் பெயரைச் சொல்லும்போது, தமிழ் மரபையும் சேர்த்தே பார்ப்பது நேர்மையாகும். ஆண்மை திரிந்தோரை எப்படிச் சுட்டுவது என்று தொல்காப்பியம் இலக்கணம் வகுத்திருக்கிறது. சிலப்பதிகாரம் குறிப்பிடும் பதினோராடலுள் பேடியாடலும் ஒன்று. கூவாகத்துக் கூத்தாண்டவர் திருவிழா இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. எனவே இத்தகையோர் இம்மண்ணில் என்றும் வாழ்ந்தவர்களே. அதே வேளையில் பழைய இலக்கியம் அவர்களை எப்போதும் உயர்வாக நடத்தியது என்று சொல்வதும் உண்மையாகாது; ‘பேடி’ என்ற சொல் கோழையை இகழும் சொல்லாகவும் வழங்கியிருக்கிறது, திரைப்படங்களோ அந்த இகழ்ச்சியைப் பல பத்தாண்டுகளாக நகைச்சுவைக் காட்சியாக விற்றன. தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு 1860இல் ஆங்கிலேயர் எழுதிய தண்டனைச் சட்டத்தைச் சேர்ந்தது. அந்தப் பிரிட்டனிலும் பள்ளிகள் தன்பாலீர்ப்பை ஆதரித்துப் பேசுவதைத் தடுக்கும் சட்டப்பிரிவு 1988இல் கொண்டுவரப்பட்டு, ஸ்காட்லாந்தில் 2000இலும் இங்கிலாந்தில் 2003இலும் நீக்கப்பட்டது. 2018இல் ஸ்காட்லாந்து அரசு இப்பொருளைப் பள்ளிப் பாடத்திட்டத்திலேயே சேர்க்க முடிவு செய்தது. தடை செய்த தலைமுறையே பாடமாக்குவதையும் கண்டது.

புதுக்கோட்டையும் இத்தகைய திருப்பங்களைப் பார்த்த ஊர்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துலட்சுமி என்ற பெண் மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது, ஆண்கள் படிக்கும் இடத்தில் ஒரு பெண், அதுவும் இசைவேளாளர் குலத்துத் தாய்க்குப் பிறந்தவர், சேர்வதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. தொண்டைமான் மன்னரின் அனுமதியால் அவர் சேர்க்கப்பட்டார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாக அவர் பின்னர்ச் சென்னைச் சட்டமன்றத்திலும் மருத்துவத்திலும் செய்தவற்றை இன்று மாணவர்கள் பாடமாகப் படிக்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இம்மாவட்டத்தில் நடந்தபோது, எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றுக்கொண்ட ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் தெருவில் இறங்கியதும் முதலில் கேலிக்கே ஆளாயினர். பெண் எப்படி நடக்க வேண்டும், எங்கே அமர வேண்டும் என்ற கட்டுப்பாடும், பையன் எப்படி நடக்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதை மாணவர்களுக்குப் புரியவைக்க, இவ்விரு வரலாறுகளும் ஆசிரியருக்குக் கைகொடுக்கும்.

வகுப்பறையில் இப்பாடம் தனிப் பாடவேளையாக வர வேண்டும் என்பதில்லை. அப்படி வந்தால் ஆசிரியரும் மாணவரும் கூச்சத்தோடு அதைக் கடந்துவிடும் அபாயம் உண்டு. ஏற்கெனவே உள்ள பாடங்களில் அதற்கு இடம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு அறிவியலில் பால் நிர்ணயம் கற்பிக்கும்போது, எக்ஸ், ஒய் என்ற இரு எழுத்துகளோடு இயற்கை நின்றுவிடுவதில்லை என்று ஒரு வாக்கியம் கூட்டிச் சொல்லலாம். மதுரையில் பிறந்து, வீட்டாலும் ஊராலும் ஒதுக்கப்பட்டு, தஞ்சை கே. பி. கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் பயின்று, 2019இல் பத்மஸ்ரீ பெற்ற முதல் திருநங்கையான நர்த்தகி நடராஜைப் பற்றிய செய்தி தமிழகப் பாடநூலில் இடம்பெற்றிருக்கிறது. அதைத் தேர்வு வினாவாக மட்டும் நடத்தாமல், அவர் பள்ளியில் எதிர்கொண்டிருக்கக்கூடிய ஒரு நாளைப் பற்றி மாணவர்களை எழுதச் சொல்லலாம். உயர் நீதிமன்றம் வரை சென்று போராடித் தமிழ்நாட்டுக் காவல்துறையில் உதவி ஆய்வாளரான பிரித்திகா யாஷினியின் வழக்கு, குடிமையியல் வகுப்பில் சமத்துவ உரிமையை விளக்க நல்ல எடுத்துக்காட்டாகும்.

பாடத்தைவிட வலிமையானது ஆசிரியரின் வாய்ச்சொல். வகுப்பில் வசைச்சொல் எழும் அந்தக் கணத்தில் ஆசிரியர் சிரித்தாலோ, கேளாதவர் போல் கரும்பலகைப் பக்கம் திரும்பினாலோ, பிறகு எத்தனை விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினாலும் பயனில்லை. ‘இந்தச் சொல்லை இந்த வகுப்பில் யாரும் யாரையும் சொல்லக் கூடாது’ என்று நிறுத்திச் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தாலே, பாதிக்கப்பட்ட பிள்ளையைச் சுட்டிக்காட்டாமல் முழு வகுப்புக்கும் எல்லை வகுத்தாகிவிடும். அந்தப் பிள்ளையை எழுப்பி நிறுத்தி அனுதாபம் காட்டுவது இன்னொரு வகைக் காட்சிப்பொருளாக்கலே. உடற்கல்வி வகுப்பும் கழிப்பறையும் கேலி மிகுதியாக நடக்கும் இடங்கள் என்பதால் அங்கே பெரியவர்களின் கண் வேண்டும். தாக்குதலுக்கு அஞ்சி நாள் முழுதும் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அரசுப் பள்ளிகளில் வைக்கப்பட்டுள்ள ‘மாணவர் மனசு’ பெட்டியும், 14417, 1098 ஆகிய உதவி எண்களும் இவ்வகைப் புகார்களுக்கும் உரியவை என்று காலை வணக்கக் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லப்பட வேண்டும். சொல்லாவிட்டால் மாணவர்கள் அவற்றைத் தமக்கு உரியவையாக எண்ணுவதில்லை. ஆசிரியர் அறையும் இதற்கு விலக்கன்று. திருநங்கை என்பதற்காக இரு தனியார் பள்ளிகளில் வேலை மறுக்கப்பட்ட ஆசிரியை ஒருவருக்கு 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. திருநரை ஆசிரியராகவே ஏற்காத பள்ளி மாணவராக ஏற்கும் என்று எதிர்பார்ப்பது கடினம்.

ஆவூர் போன்ற ஊரில் பெற்றோர் எழுப்பக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: ‘இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தா பிள்ளைங்க அப்படியே ஆயிருமே?’ இந்த அச்சத்தை ஏளனம் செய்யாமல் விடை சொல்ல வேண்டும். பாலின உணர்வும் ஈர்ப்பும் கேட்டு ஒட்டிக்கொள்பவை என்றால், ஆணும் பெண்ணும் காதலிக்கும் கதைகளை மட்டுமே கேட்டு, ஆணும் பெண்ணும் மணக்கும் திருமணங்களை மட்டுமே பார்த்து வளர்ந்த வீடுகளில் ஒரு திருநங்கையும் தோன்றியிருக்க முடியாது. ஆனால் தோன்றியவர்கள் அனைவரும் அத்தகைய வீடுகளில் பிறந்தவர்களே. மற்றொரு குழப்பமும் தெளிவுபெற வேண்டியது. பிள்ளைகளைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்குவோரையும் தன்பாலீர்ப்பு உடையோரையும் ஒன்றாக எண்ணுவது தவறு. முன்னது 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் கீழ்க் கடும் குற்றம், பின்னது ஒருவரின் இயல்பு. உடலின் எல்லையையும் சம்மதத்தையும் தெரிந்த பிள்ளைதான் அக்குற்றத்தை அடையாளம் கண்டு பெரியவரிடம் சொல்லத் துணிகிறது. வேறுபட்டு வளரும் இப்பிள்ளைகளில் பலர் பாலியல் சீண்டலுக்கு ஆளாகின்றனர் என்பதை முன்சொன்ன ஆய்வு காட்டியிருக்கிறது.

ஆசிரியர் ஒருவரை நம்பி ஒரு மாணவர் தன்னைப் பற்றிச் சொல்லும்போது, அந்த ஆசிரியர் முதலில் காக்க வேண்டியது வாய். ‘உங்க நல்லதுக்குத்தான்’ என்று வீட்டுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடும் ஆசிரியர், அந்தப் பிள்ளை அன்று மாலை வீட்டில் வாங்கப்போகும் அடிக்கும், நிறுத்தப்படப்போகும் படிப்புக்கும், அவசரமாக ஏற்பாடு செய்யப்படப்போகும் திருமணத்துக்கும் காரணமாகிவிடக்கூடும். பிள்ளையின் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து இருந்தால் உதவி நாட வேண்டியது கடமை. அதைத் தவிர்த்த நிலையில், யாரிடம், எப்போது சொல்வது என்பதைப் பிள்ளையே முடிவு செய்ய வேண்டும்.

இந்த எச்சரிக்கைக்குச் சட்டக் காரணமும் உண்டு. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, வயது வந்த திருநர் ஒருவர் அடையாளச் சான்றிதழுக்காக மாவட்ட ஆட்சியரிடம் தாமே விண்ணப்பிக்கலாம். பதினெட்டு வயது நிரம்பாதவருக்காகவோ பெற்றோர் அல்லது காப்பாளர்தான் விண்ணப்பிக்க வேண்டும். வீட்டார் ஏற்றுக்கொள்ளாத பதினைந்து வயதுப் பிள்ளைக்கு, ஆகவே, அரசு தரும் அட்டை எதுவும் கைக்கு எட்டுவதில்லை. பதினெட்டு வரையிலான அந்த மூன்று ஆண்டுகளில் அதற்குக் கிடைக்கக்கூடிய பாதுகாப்பு, பக்கத்தில் அமரும் மாணவரும் வருகைப் பதிவேட்டை வாசிக்கும் ஆசிரியரும் தருவது மட்டுமே.